குமிழி இல்லாத பனிக்கட்டி

வால்போரி பெரியம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறாள். எங்கள் ஏரி உறைந்ததும் அவளுக்கு இன்னொரு வேலை வந்துவிடும். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நுனிகளை வெட்டி, பனிக்கட்டியில் துளை போட்டு, அக்கரைவரை வரிசையாக நடுவாள். அந்த வரிசையை ஒட்டித்தான் ஊரே பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் கடைக்குப் போகும்.

இடம் பார்க்க அவளுக்கு ஒரே ஒரு அடையாளம்தான். பனிக்கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் நின்றால், அடிச்சேறு வாயு விடுகிறது, கனம் போதாது. குமிழியே இல்லாமல் கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தால் நல்ல கட்டி. வெள்ளைக் குமிழியைக் குத்தித் தீக்குச்சி காட்டினால் பக்கென்று எரியும். சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு.

பல வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த வாரத்தில், பக்கத்து வீட்டு ஸிக்ஸ்தன் கட்டி உடைந்து வண்டியோடு ஏரிக்குள் விழுந்துவிட்டான். சதுப்பு இருக்கும் கரையோரம், கறுப்புக் கட்டியில், பெரியம்மா நட்டிருந்த வரிசையிலேயே. இடுப்பளவு தண்ணீர்தான், பிழைத்தான்.

"உன் மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன், வால்போரி. கிறிஸ்துமஸ் மரம் முன்னாடியே கிடைச்சிடுச்சு எனக்கு!"

"குமிழி இருந்துச்சா?"

"முங்கிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட கேக்கிற கேள்வியா? இருந்துச்சு. எல்லாம் என் வாயிலருந்து வந்தது."

அவள் சிரிக்கவில்லை. உடைந்த ஓரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். குமிழியே இல்லாத சுத்தமான கட்டி, ஆனால் கட்டைவிரல் அகலம்கூடக் கனம் இல்லை. "இனிமே நான் மரம் நட மாட்டேன்" என்றாள்.

கரையில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த தூவா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் நாங்கள் கேட்டோம்.

"குமிழி இல்லன்னா மீத்தேன் இல்லன்னு அர்த்தமில்லை, வால்போரி. மேல இருக்கிற சதுப்புலருந்து நிலத்தடி நீர் இங்க கசியுது. வாயு அதுல கரைஞ்சே வருது, மூடி திறக்காத சோடா மாதிரி. அந்தத் தண்ணி ஏரித் தண்ணியைவிடக் கொஞ்சம் சூடு. அதான் கட்டியை அடியிலருந்து அரிச்சிருக்கும்."

"அப்போ வாயு ஏரியோடது இல்லியா?"

"கொஞ்சம் ஏரியோடது, கொஞ்சம் சதுப்போடது. எது எவ்வளவுன்னுதான் நாங்களும் தேடுறோம்."

"நடு ஏரியில குமிழி வருதே?"

"அது சேத்துலருந்து."

"அப்போ நான் எங்கதான் நடறது?"

தூவா குழாயை மேலே இழுத்தாள். "கட்டியோட கனம் எனக்குத் தெரியாதே. நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

எனக்கும் தலை சுற்றியது. குமிழி இருந்தால் அடியில் வாயு, குமிழி இல்லாவிட்டாலும் கட்டி மெல்லியதாக இருக்கலாம். அப்படியானால் ஏரியில் எதைப் பார்த்து நடப்பது?

மறுநாள் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகும்போது பெரியம்மா ஜன்னலருகே நின்றாள். கரையோரமாக ஒரு ஸ்னோமொபைல் வந்துகொண்டிருந்தது, அவளுடைய பழைய வரிசையைப் பிடித்துக்கொண்டு. உடைந்த இடத்துக்குச் சற்று முன்னால் அது நின்று திரும்பிப் போனது.

"நான் நடலன்னா என்ன, நட்டது அங்கேயேதானே நிக்குது" என்றாள். கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுக் கோடாரியோடு போனாள்.

நட்டிருந்த மரங்கள் கட்டியோடு உறைந்து இறுகிப் போயிருந்தன, பிடுங்க வரவில்லை. அடியோடு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கரையில் இரண்டை மட்டும் குறுக்கே நட்டாள், இங்கே வராதே என்று. அதற்குள் ஸிக்ஸ்தன் துளைபோடும் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அவள் நடு ஏரிக்கு நடந்தாள்.

"வெள்ளைப் பக்கமா போறே? அங்க போகாதேன்னு என்னை எத்தனை தடவை திட்டியிருப்பே!"

"ஆமா. துளை போடு."

குமிழிக் கூட்டங்களுக்கு இடையில் துளை போட்டான். ஒரு சாண் கட்டி இருந்தது.

"அப்போ இது நல்ல இடம்?"

"இந்தத் துளை நல்லா இருக்கு. அடுத்தது தெரியல."

முன்பெல்லாம் கண்ணால் பார்த்தபடியே நடந்து, காலைப்பொழுதுக்குள் அக்கரை சேர்ந்துவிடுவாள். அன்று இருட்டும்போது பாதி ஏரிகூடத் தாண்டவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் மூன்று நான்கு துளைகள்.

"இன்னும் போடணுமா, வால்போரி? கை போச்சு."

"முங்கும்போது எதைக் கட்டிப்பிடிச்சே?"

ஸிக்ஸ்தன் முணுமுணுத்துக்கொண்டே கருவியை மறுபடி ஊன்றினான்.