மாப்பிள்ளை மரம்

கனடாவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஞாயிறுதோறும் காலை ஏழரைக்குக் கூப்பிடுவாள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் ஜன்னலோரம் நின்றால்தான் பேச்சு சரியாகக் கேட்கும். ஐப்பசி முதல் ஞாயிறன்று என் மனைவி அடுப்படியிலேயே நின்று பேசினாள். பாதிச் சொற்கள் காதில் விழவில்லை. போனை வைத்ததும் ஓடிவந்தாள்.

"என்னாங்க, மாப்பிள்ள பாத்துட்டாளாம்! வாசல்லயே நிக்கிறாராம். செக்கச்செவேல்னு இருக்காராம். போட்டோ அனுப்புறேன்றா."

"வெள்ளக்காரனா?"

"யாரா இருந்தா இன்னா? கல்யாணத்த இங்கதான் வெக்கணும். அப்பிடியாவது ஊருக்கு வருவா இல்ல?"

அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் அடுத்த மார்ச்சில் வருகிறேன் என்பாள்.

போட்டோ வருவதற்குள் செய்தி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. ஏழு ஐம்பத்திரண்டுக்குப் போட்டோ வந்தது: ஒரு மரம், இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. கீழே 'எங்க வாசல் மேப்பிள்' என்று எழுதியிருந்தாள்.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளைக்குத் தல கொள்ளாத முடிதான், போ" என்று சிரித்தார். மனைவியும் சிரித்தாள். அவர் போன பிறகு படத்தை விரலால் பெரிதாக்கி, மரத்துக்குப் பின்னால் தெரிந்த ஜன்னல்களில் மகளுடையது எது என்று வெகுநேரம் தேடினாள்.

தை மாதத்தில் மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் விடுமுறைக்கு விழுப்புரம் வந்தாள். நான் பஸ்ஸில் போய், மகள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தை வாங்கிவந்தேன். மேப்பிள் பாகு ஒரு புட்டி, மேப்பிள் கட்டையில் செதுக்கிய கரண்டி ஒன்று. கரண்டி வெளிறிய சந்தன நிறம். வாசனையே இல்லை; வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் ரேகை தெரிந்தது.

மறுநாள் காலை கேப்பை அடையில் பாகை ஊற்றிச் சாப்பிட்டோம். வெல்லப்பாகைவிட நீர்த்து ஓடியது. முதலில் பதநீர் காய்ச்சும் மணம், அடுத்து லேசாகக் கருகிய கட்டையின் மணம். இனிப்பு நாக்கில் நிற்கவில்லை.

"பதநி மாதிரியேதான் இருக்குது. ஆனா அதில்ல" என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு ஜன்னலோரமாகவே நின்று மகளிடம் கேட்டாள்: "அந்த மரத்துல தண்ணி எப்பம்மா எறக்குவாங்க?"

"பனி உருகுறப்பம்மா. மரத்துல சின்னதா ஓட்டப் போட்டு வாளிய மாட்டுவாங்க. நாப்பது வாளி காச்சினாதான் ஒரு வாளி பாகு. வர்ற மார்ச்ல ஆபீஸ்ல எல்லாரும் பாக்கப் போறோம்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சரிம்மா. குளுரும், ஸ்வெட்டர் போட்டுக்கினு போ" என்றாள் மனைவி.

பேசி முடித்த பிறகும் அவள் அங்கிருந்து நகரவில்லை. "அவ வர்லன்னா நாம போனா இன்னாங்க?" என்றாள்.

எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. அதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதத் தொடங்கினேன். அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எறக்கறதுக்குள்ள கெடச்சிடுமா?"

கிடைத்தாலும் விசாவுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியை எழுதினேன்.