கணக்குப் பாட நேரத்துத் தேத்தண்ணி

“கணக்கெல்லாம் ஒனக்கு எதுக்கு புள்ள? தேத்தண்ணி நல்லா ஊத்துற, அது போதும்.”

கணக்கு சார் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது நான் பத்தாம் ஆண்டு. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு முந்திய பாடம் கணக்கு. மணி அடிக்கும்போது ஆசிரியர்களுக்குத் தேத்தண்ணி தயாராக இருக்க வேண்டும் என்பதால், பாடம் தொடங்கியதுமே ஒரு பிள்ளை எழுந்து போய் அடுப்பு மூட்டும். அந்தப் பிள்ளை எப்போதும் நான்தான். முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த தோட்ட ஆபீஸ் கிளாக்கரின் மகளைச் சார் ஒருநாளும் எழுப்பியதில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

“கேட்டியாக்கா? அம்புட்டுப் பேரு இருக்கையில சார் என் மவளத்தான் நம்பிக் கூப்புடுறாராம்!”

“அப்ப அடுத்த டீச்சரு ஒன் மவதான். நமக்கும் ஒரு வாய் ஊத்தச் சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் வகுப்பறையில் உட்கார்ந்ததில்லை. தோட்டத் துரை பங்களாவுக்குள் வேலைக்குக் கூப்பிட்டால் நாங்கள் குடியிருந்த லயத்தில் அது மதிப்பு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று நினைத்தோம். சாரின் செல்லப்பிள்ளை நான்தான் என்று நம்பி அடுப்பை ஊதினேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய குரல் கேட்கும்; கரும்பலகை தெரியாது. “ஆகவே எக்ஸ் சமன்...” என்பார். அதற்குமேல் தண்ணீர் கொதிக்கும் சத்தம்தான்.

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதம் மட்டும் போய்விட்டது. கிளாக்கர் மகளுக்கும் போனது. அதை யாராலும் நம்ப முடியவில்லை.

“என் விடையச் சார் பாத்ததே இல்லடி,” என்றாள் அவள். “என்ன எழுதினாலும் சரி போட்டுருவாரு. எனக்கு எது தப்புன்னே தெரியாது.”

அவள் அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளில் அவளுடைய அப்பாவுக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

இப்போதும் எங்காவது கேத்தலில் தண்ணீர் இரைந்தால் போதும். நான் இல்லாமல் எங்கோ ஒரு பாடம் தொடங்கிவிட்டதுபோல் இருக்கும். சில வேளை அவளும் நினைவில் வந்து நிற்பாள். தப்பு எது என்று நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்பாள். நான் எப்படிச் சொல்வது? நான் அடுப்படியில் அல்லவா இருந்தேன்.

பெயிலான பிறகு பஸ் ஏறிப் பசறைக்குப் போய், அங்கே ஒரு டியூஷன் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பின்னத்திலிருந்து தொடங்கினேன்.

“அக்கா பெயிலா?” என்று ஒரு சிறுமி கேட்டாள்.

“ஆமா. நீ தள்ளி ஒக்காரு.”

அடுத்த தடவை சித்தியடைந்தேன். உயர்தர வகுப்பிலும் பிடிவாதமாகக் கணிதப் பிரிவுதான். ஆசிரியர் பயிற்சிக்குத் தெரிவானபோது அம்மா தயங்கினாள்.

“தமிழ்ப் பாடம் எடுத்துக்கயேம்மா. அந்தக் கணக்கு ஒன்னயப் படுத்தினது போதாதா?”

போன திங்கட்கிழமை பதுளைக்குப் போய், கணித ஆசிரியர் பயிற்சிக்குப் பதிந்துவிட்டு வந்தேன்.