மிளகாய்த் தார்ப்பாயும் ஒரு கைக்குட்டையும்

நேற்று காய்ந்த மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். சன்னலைத் திறக்க மறந்துவிட்டேன். அடுக்கடுக்காக ஏழு தும்மல். ஏழாவது தும்மலில் லெட்சுமியின் ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் மல்லிகை வாசத்தில் சிநேகிதி ஞாபகம் வரும். என் தலையெழுத்து, எனக்கு மிளகாய் நெடியில் வருகிறாள்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் மலேசியாவில், மலாக்கா பக்கம் பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உச்சி முதல் உள்ளங்கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் மாஸ்க், கண் மட்டும்தான் வெளியே தெரியும். வேலை நேரத்தில் பேசக்கூடாது. லெட்சுமி பேசமாட்டாள், பாடுவாள். மாஸ்க்குக்குள்ளே மெல்ல ஆரம்பித்தாள் என்றால் அந்த வரிசையில் இருக்கிற அத்தனை பேருக்கும் கை வேகமாக ஓடும். பாடுவது யார் என்று சூப்பர்வைசருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இருபது வெள்ளைப் பொம்மைகள் உட்கார்ந்திருந்தால் பாவம் அவர் எதைப் பிடிப்பார்? அவர் வந்தால் நான் மேசையில் இரண்டு தட்டு தட்டுவேன், நிறுத்திவிடுவாள். போனதும் என் மாஸ்க்கின் மூக்கை ஒரு விரலால் தொடுவேன். ஆள் போயாச்சு, இனிப் பாடலாம் என்று அர்த்தம். விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள்.

இந்தக் குரல் எப்படியோ ஓர் இசைக்குழுவின் கீபோர்ட் மாஸ்டர் காதுவரை போய்விட்டது. கோலா சுங்கை பாரு பக்கம் கடற்கரையில், பள்ளி விடுமுறையில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. லெட்சுமிக்கு ஒரே ஒரு பாட்டு. நன்றாகப் பாடினால் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவளுடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், கறாரான மனிதர். "ஒரு தடவ பாடு. சரியா வரலன்னா பாட்டு கீட்டு எல்லாத்தையும் அதோட விட்ரணும்" என்று சொல்லிவிட்டார். போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டிய பொறுப்பு லோரி ஓட்டுகிற அவள் அண்ணன் மணியத்துக்கு. மணியம் அண்ணன்தான் அந்தத் திட்டத்தையும் போட்டார். எல்லாரும் லோரியில் போவது, கச்சேரி முடிந்ததும் கடற்கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்குவது, காலையில் திரும்புவது.

கூடாரம் என்றதும் எனக்கு வந்ததே கோபம்! நீங்களே சொல்லுங்கள். பதினெட்டு வருஷம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். ஒழுகுகிற கூரை, வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கும் குழாய், வீட்டை விட்டு இருபது அடி தள்ளி ஒரு கக்கூஸ், அதற்குப் போகிற வழியில் அட்டைப்பூச்சி. இதற்கு மேல் என்ன கூடாரம் வேண்டிக்கிடக்கிறது? தாழ்ப்பாள் போட்ட ஒரு குளியலறைக்காகத்தான் நான் டவுனுக்கே வந்தேன். மறுபடியும் மண்ணில் படுக்கவா என்று ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தேன்.

லெட்சுமி எதிர்த்துப் பேசவில்லை. "நீ வரலன்னா நானும் போகலலா. மூஞ்சியக் காட்டி நான் யாரு முன்னாலயும் பாடுனதே இல்ல, தெரியுமா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே அவள் பாடும்போது வாயைப் பார்த்ததில்லை. சரி, வந்து தொலைக்கிறேன் என்றேன்.

கூடாரத்துக்குத் துணி வேண்டுமே? எங்கள் சந்துமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் மாமா ஒரு தார்ப்பாய் கொடுத்தார். "மொளகா மூட்டைக்குப் போட்டதும்மா, நல்லா ஒதறிட்டுக் கட்டுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். யார் உதறினார்கள்? எல்லாம் அவசரம். நான் மட்டும் சாவகாசமாக ஓவர்டைம் காசில் எடுத்த மாம்பழ நிறப் பஞ்சாபி சூட்டைப் போட்டுக்கொண்டு, மண்ணில் உட்காராமல் இருக்கப் பழைய செய்தித்தாளையும் மடித்து எடுத்துக்கொண்டேன். லோரியின் முன்சீட்டில் அதை விரித்துத்தான் உட்கார்ந்தேன். மணியம் அண்ணனின் மனைவி சரசு அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சவுக்கு மரத்தடியில் தார்ப்பாயை விரித்த மாத்திரத்தில் ஆளாளுக்குத் தும்மல். லெட்சுமிக்குக் கண்ணெல்லாம் சிவந்து, தொண்டை கமறத் தொடங்கிவிட்டது. போச்சுடா, பாடுகிற தொண்டை! வந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத நான் அப்போது தலைவியாகிவிட்டேன். இங்கே காற்று இல்லை, புல்லில் பாம்பு இருக்கும், அதோ கீழே பாருங்கள் எவ்வளவு சுத்தமான மணல் என்று சொல்லி, கூடாரத்தை இறக்கிக் கடல் பக்கம் கொண்டுபோய்க் கட்ட வைத்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் அங்கிருந்து எழுந்து வந்து, இங்கே கட்டாதே, தண்ணீர் ஏறும் என்று சொன்னார். நான் கடலைப் பார்த்தேன். அது எங்கோ தொலைவில் கிடந்தது. "அவ்வளவு தூரத்துல இருக்கே பாக்சிக், பஸ் பிடிச்சா வரப்போவுது?" என்று அவரை மாமா முறை வைத்து மலாயில் கேட்டேன். என்னுடைய நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். ரப்பர் மரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவளுக்கு எவ்வளவு வாய் பாருங்கள்.

மேடையில் மைக் சரிபார்க்கப் போனோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால் கூடாரத்தைக் காணோம். தார்ப்பாய் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. லெட்சுமியின் பை, அதற்குள் மேடைக்காக அண்ணி கொடுத்த பட்டுச் சேலை, ஜாக்கெட், எல்லாம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன. லெட்சுமி ஓடி விழுந்து பையைப் பிடித்தாள். சேலையும் ஊறிப்போயிருந்தது, அவளும் தலையிலிருந்து கால்வரை நனைந்துபோயிருந்தாள்.

கரைக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போதும்லா. வீட்டுக்குப் போயிரலாம். எனக்கு விதிச்சது அந்த மாஸ்க்குதான்" என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இடத்தைக் காட்டியது நான். பெரியவர் சொன்னதைக் கேட்காதவளும் நான்தான். அவளுக்கு அப்பா கொடுத்திருந்த ஒரே ஒரு வாய்ப்பு!

சரசு அண்ணிதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து மண்ணில் உட்காராமல், எதையும் தொடாமல், கசங்காமல் நின்றுகொண்டிருந்தது அந்தக் கடற்கரையிலேயே என் பஞ்சாபி சூட் ஒன்றுதான். "கழட்டுடி" என்றார்.

லோரிக்குப் பின்னால் அண்ணி ஒரு கைலியைத் திரையாகப் பிடிக்க, உடை மாற்றினோம். என் மாம்பழ நிறம் அவளுக்கு என்னைவிட எடுப்பாக இருந்தது. அந்த நேரத்திலும் அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். திரையாக இருந்த கைலியை நான் கட்டிக்கொண்டு, மேலே மணியம் அண்ணனின் தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அந்திநேரத்து மஃரிப் பாங்குக்கு முன்னால் கடைசிப் பாட்டு என்று அறிவித்தார்கள். மாஸ்டர் முன்னிசையை வாசித்தார். லெட்சுமி வாயைத் திறக்கவில்லை. மறுபடி வாசித்தார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிலைபோல் நின்றாள். பின்னாலிருந்து விசில் வந்தது. "என்னா, ஊமப்படமா?" என்று எவனோ கத்தினான். மணியம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கண் மட்டும் கூட்டத்துக்குள் எதையோ தேடியது. தொழிற்சாலையில் நான் பார்த்துப் பழகிய அதே கண்.

எப்படித் தோன்றியதோ தெரியாது. கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடித்துத் தள்ளி மேடைக்கு முன்னால் போய் நின்றேன். கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மூக்கு நுனியை ஒரு விரலால் தொட்டேன்.

அவள் பார்த்துவிட்டாள். கைலியும் ஆம்பளைச் சட்டையும் முகமூடியுமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் முதலில் வந்தது அந்தச் சிரிப்புதான். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. மாஸ்டர் மூன்றாவது முறை வாசித்தார். அவள் பாடினாள்.

எப்படிப் பாடினாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்து கேட்ட குரலின் முழு அளவை அன்றைக்குத்தான் கேட்டேன். அழுதேன். கைக்குட்டை முகத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று. அவள் முடித்துக் கைதட்டல் ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் பாங்கு ஒலித்தது. எல்லாரும் அமைதியாக நின்றார்கள். அதன் பிறகு மாஸ்டர் லோரிக்கே வந்துவிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணம் இருக்கு, பாட வர்றியாம்மா?"

லெட்சுமி அண்ணனைப் பார்த்தாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ போ" என்றார் மணியம் அண்ணன்.

கடல் அலசிக் கொடுத்த தார்ப்பாயில் மிளகாய் நெடி போயே போய்விட்டது. மேட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே அதைக் கட்டிப் படுத்தோம். பொட்டுத் தூக்கம் வராது என்று சபதம் போட்டவள்தான் காலையில் எல்லாருக்கும் கடைசியாக எழுந்தேன். அந்தப் பெரியவர் எங்கள் கூடாரக் கம்புகளைக் கரையில் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பஸ் வந்ததா?" என்று என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை வெறும் கிடங்காகிவிட்டது. ராவுத்தர் மாமா கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். நாங்கள் முதலில் கூடாரம் கட்டிய மணலைக் கடல் தின்றுவிட்டது, கரைக்குக் கல் அடுக்கியிருக்கிறார்கள். பாயை விரித்து ஊரே உட்கார்ந்து கேட்ட அந்த மாதிரிக் கச்சேரியும் இப்போது நடப்பதாகத் தெரியவில்லை. லெட்சுமி பதினைந்து வருஷம் மலாக்காவில் ஒரு கல்யாணம் பாக்கியில்லாமல் பாடினாள். இப்போது புக்கிட் காத்திலில் இருக்கிறாள்.

தும்மி முடித்த கையோடு நேற்று அவளுக்குப் போன் போட்டேன்.

"நூறு ஆயுசுலா ஒனக்கு! நானே கூப்புடணும்னு இருந்தேன். எம் பொண்ணு, சின்னவ, சனிக்கெழம கோயில் மண்டபத்துல பாடுறா, மொதத் தடவ. மூனு நாளா அவளுக்குச் சோறே எறங்கல. நீ வந்து முன்னால நில்லு. கைக்குட்டை எடுத்துட்டு வா" என்றாள்.

வீடு முழுக்கத் தேடினேன். எங்கே பார்த்தாலும் டிஷ்யூ பெட்டிதான். இந்தக் காலத்தில் கைக்குட்டை யார் வைத்திருக்கிறார்கள்? மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஆண்கள் பகுதியில் வெள்ளையாக ஒன்று கிடைத்தது. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.