முடுக்குக்குள் வந்த இரண்டாவது கம்பி

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கம்பி இழுக்கிற வேலையில் இருப்பவரை யாரும் “வாங்க” என்று வரவேற்பதில்லை, “ஒருவழியா வந்துட்டீங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் வயிறும் சேர்ந்து எரிகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்தானே நீங்களும்? நானும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் ஊரார் வீட்டு நெட்டையெல்லாம் சரிசெய்துவிட்டு ஏரலுக்குத் திரும்பினால் எங்கள் வீட்டு நெட் படுத்துக் கிடக்கும். ஏரலில் வேறொரு கம்பெனி. அதுவும் ஒன்றே ஒன்று. போன் போட்டால் ஒரு பாட்டு ஓடும், ஆள் எடுக்காது. அதனால் இதைக் கம்பெனிக்காரி சொல்வதாக நினைக்காதீர்கள். உங்களோடு சேர்ந்து அடிபட்டவள் சொல்வதாகவே படியுங்கள்.

பார்க்காத சர்டிபிகேட்

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தேன். காயல்பட்டினத்தில் கேபிளும் நெட்டும் நடத்துகிற அண்ணாச்சிக்கு லைன் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சர்டிபிகேட் எல்லாவற்றையும் பைலில் அடுக்கிக்கொண்டு போனேன். துணைக்கு என் வீட்டுக்காரரும் வந்தார். எனக்கு முன்னால் வந்திருந்த இரண்டு பேரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று பாதி மனதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏளா முத்துக்கனி, ஏணி ஏறுவியா?” என்றார். ஏறுவேன் என்றேன். “நாளைக்கே வந்துரு” என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. பைலை நீட்டிய கையோடு அப்படியே நின்றேன். “சர்டிபிகேட்ட பாக்கலையே அண்ணாச்சி?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலில் எனக்குத் திக்கென்றது, என் வீட்டுக்காரர் முகம் கறுத்தே போய்விட்டது.

“அத உள்ள வையி. நீ பொம்பளப் பிள்ளையா இருக்கேல்லா, எனக்கு அது போதும்.”

கரண்ட் இல்லாத கம்பி

மறுநாள் வேலைக்குப் போனதும் காரணம் தெரிந்தது, என் வீட்டுக்காரருக்கும் சோறு இறங்கியது. காயல்பட்டினத்து வீடுகளுக்கு முன்னால் தெரு, பின்னால் முடுக்கு. முடுக்கு என்றால் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற சந்து. பெண்கள் தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர அதுதான் வழி. ஆண்கள் அதில் நடப்பதில்லை. ஆனால் தெருவிலுள்ள கரண்ட் கம்பங்களில் வேறு கம்பி கட்டக் கூடாது என்பதால், எங்கள் பைபர் கம்பியெல்லாம் முடுக்குச் சுவரோடுதான் ஓடும். ஓர் ஆண் உள்ளே போய் ரிப்பேர் பார்ப்பதென்றால், முதல் நாளே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, எல்லோரும் கதவடைத்த பிறகுதான் ஆகும். நான் என்றால் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போகலாம். அடடா, நல்ல ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த முடுக்கில் எனக்கு முதலில் பழக்கமானவர் சுலைகா லாத்தா. அக்காவை அங்கே லாத்தா என்பார்கள். வளைகுடா நாடுகளில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு டியூஷன் நிறுவனம் மூலமாக நெட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயில் லாரி ஓட்டி, முதுகெலும்பு கெட்டுத் திரும்பியவர். லாத்தாவின் வகுப்பு நடந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு. மொட்டைமாடிக்குப் போனால்தான் செல்போனில் கொஞ்சமாவது சிக்னல்; வீட்டுக்குள் எங்கள் கம்பி ஒன்றே கதி. அந்தக் கம்பி தினமும் மதியம், வகுப்பு நடுவில் செத்துப் போனது.

ரவுட்டரை மாற்றினேன், பாக்ஸை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மதியம் முடுக்குக்குள் போய்ப் பார்த்தேன். எங்கள் கம்பியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஈரத் துணி. பெட்ஷீட் கூட இருந்தது. பைபருக்குள் ஓடுவது மயிரிழைக் கண்ணாடி. வளைந்தால் வெளிச்சம் போகாது. துணி காய்ந்து எடை குறைந்ததும் சாயங்காலம் நெட் தானாக வந்திருக்கிறது! “யாரு இத காயப் போட்டது?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மைமூன் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பதில் சொன்னாள்.

“இதுல கரண்டு ஓடாது, தொட்டா ஒண்ணும் செய்யாதுன்னு நீதானே புள்ள சொன்ன? அந்தத் தைரியத்துலதான் போட்டேன்.”

அண்ணாச்சியின் டீ

துணிப் பிரச்சனை தீர்ந்தது. அதற்குப் பிறகும் நெட் வாரத்துக்கு ஒரு நாளாவது போகாமல் இருந்ததில்லை. ஆபீசில் வைத்திருந்த மெஷின் பழசு, மொத்தமாக வாங்கிய நெட்டோ குறைவு, அதில் சேர்த்த வீடுகள் அதிகம். டியூஷன் நிறுவனத்திலிருந்து லாத்தாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இப்படியே அறுந்தால் வேறு டீச்சரைப் போட்டுக்கொள்வோம் என்று. லாத்தா என்னிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. “வேற கம்பெனிக்கு மாறப் போறேன்னு உங்க அண்ணாச்சிட்ட சொல்லிரு” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அண்ணாச்சி பதறிப் போவார், புது மெஷின் வாங்குவார் என்று நினைத்து வேக வேகமாக ஆபீசுக்கு வந்து சொன்னேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு வியாபாரி தன் வாடிக்கையாளர் போகிறார் என்று கேட்டு அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“போகச் சொல்லுளா. எங்கன போவாக? கடலுக்குள்ளயா?”

கோட்டைச் சுவர்

வேறு கம்பெனி இல்லாமல் இல்லை. பெரிய பேனர், பளபளக்கும் நோட்டீஸ், கழுத்தில் அட்டை தொங்குகிற பையன்கள் என்று ஒன்று ஊருக்குள் வந்திருந்தது. லாத்தா அவர்களிடம் எழுதிக் கொடுத்தார். வீட்டைப் பார்க்க லைன்மேன் வந்தான். ஜெரால்டு என்று பெயர், மணப்பாட்டுக்காரன். தெருவில் நின்று மேலே பார்த்தான், கீழே பார்த்தான், முடுக்கின் வாசல் வரை போய் நின்றான், “திரும்ப வாரேன்” என்று போனான். வரவே இல்லை. லாத்தா போன் அடித்து அடித்து ஓய்ந்து போனார்.

கொஞ்ச நாள் கழித்து ஆறுமுகநேரி டீக்கடையில் அவனைப் பார்த்தேன். ஏன் தம்பி போகவில்லை என்று கேட்டேன். ஒரு வீட்டுக்குக் கம்பி இழுக்க முடுக்கு முழுக்கச் சொல்லிவிட்டுக் காத்துக் கிடக்க எங்களால் முடியாது, நாளைக்கு ரிப்பேர் என்றாலும் அதே கதைதான், அதனால் அந்தப் பக்கமே வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள் என்றான். உங்கள் அண்ணாச்சிக்கு மட்டும் அந்தத் தொல்லை கிடையாதே என்றும் சொன்னான். எனக்கு இன்னும் புரியவில்லை. “ஏன், அவருக்கு மட்டும் என்ன?” என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டு டீ என் சுடிதாரிலேயே கொட்டிவிட்டது. அண்ணாச்சி எதற்காகச் சிரித்தார் என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் லாத்தாவுக்கு ஒத்தாசை செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேனே!

“அவருக்கு நீங்க இருக்கீங்கல்லக்கா! அந்த முடுக்குக்குக் கோட்டைச் சுவரே நீங்கதான.”

வெள்ளிக்கிழமை மதியம்

இரண்டு நாள் எனக்குச் சோறு பிடிக்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. அண்ணாச்சி மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் லாத்தா வீட்டில் போய் உட்கார்ந்து விஷயத்தை உடைத்துச் சொன்னேன். கம்பி இழுப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. முடுக்குக்குள் அதைக் கொண்டுவர ஒரு கை வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுப் போடுகிற வேலையை ஜெரால்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே செய்யலாம். “அந்தக் கை ஏன் உங்க கையா இருக்கக் கூடாது லாத்தா?” என்றேன்.  அவர் எழுந்து போய் மைமூனைக் கூட்டிவந்தார். ஆள் உள்ளே போகவேண்டியதில்லை என்றதும் ஜெரால்டின் ஆபீசிலும் சரி என்றுவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் தொழுகைக்குப் போயிருந்த நேரம். கம்பெனி மேல்சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு நானும் போனேன். ஜெரால்டு முடுக்கு வாசலுக்கு வெளியே, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு கம்பிச் சுருளை அவிழ்த்து அவிழ்த்து விட்டான். உள்ளே வீட்டுக்கு ஒருத்தியாக வந்து கம்பியை வாங்கி வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்தார்கள். “முறுக்காதீங்க, சிரட்டை அளவுக்குக் குறுக்கி வளைச்சா ஒடஞ்சிரும்” என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஏணியில் ஏறி ஆணி அடித்தது மைமூன். ஒருத்தி எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். லாத்தாவின் வீட்டுக்காரர் தொழுகை முடிந்து வந்து பார்த்தால், அவருடைய முன்னறையில் ஜெரால்டு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான், புது ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது! அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குமே நம்ப முடியவில்லை. ஒரு பெரிய கம்பெனி முடியாது என்று கைவிட்ட வேலை, சோறு வடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டதே! கம்பியில் தூசி படக் கூடாது என்பதுபோலச் சேலை முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்த மைமூன்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இந்த வேலைக்கா இத்தன நாளா ஆம்பளைய வரட்டும், வரட்டும்னு காத்துக் கெடந்தோம்?”

ஒரே குழி

லாத்தா இரண்டு இணைப்பையும் வைத்துக்கொண்டார். ஒன்று போனால் ஒன்று. இனி வகுப்பு அறுபடாது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். டியூஷன் நிறுவனத்தில் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய மேலாளர் கூடவே இருந்து லாத்தாவின் வகுப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு, வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லாத்தாவிடமிருந்து போன். “முத்துக்கனி, ரெண்டுமே செவப்பு எரியுது” என்றார். ரவுட்டருக்குக் கரண்ட் இருக்கிறதா பாருங்கள் என்றேன். “ரெண்டும் செவப்புன்னு சொல்லுதேன்!” என்று அலறினார். ஒரே நேரத்தில் இரண்டுமா? 

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போனேன். அங்கே சாலையை அகலப்படுத்த ஜேசிபி தோண்டியிருந்தது. குழிக்குள் எனக்கு முன்னாலேயே ஜெரால்டு இறங்கி நின்றான். அவன் கம்பியும் அறுந்திருக்கும் போல என்று நினைத்துக் கீழே பார்த்தேன். ஒரு கம்பிதான் அறுந்து கிடந்தது. எங்கள் கம்பெனி பெயர் அச்சடித்த கம்பி. “உங்க கம்பி எங்க தம்பி?” என்றேன். அவனுக்கும் முகத்தில் ஈயாடவில்லை. “எனக்கும் அதான் விளங்கலக்கா. எங்க ஆபீசுல இந்த எடத்தத்தான் போய்ப் பாக்கச் சொன்னாங்க” என்றான். குழிக்குள் நின்றபடியே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் பதற்றமே இல்லாமல் சொன்னார்: “தூத்துக்குடியில இருந்து இங்க வார மெயின் கம்பி ஒண்ணுதானளா. அது என்னோடது. அந்தப் புதுக் கம்பெனிக்காரன் அதுல வாடகைக்கு ஓட்டுதான். வெள்ளிக்கிழம நீ செஞ்ச காரியமும் எனக்குத் தெரியும், ஏசினேனா? எவன் குழாயத் தொறந்தாலும் தண்ணி என் தொட்டியில இருந்துதான போவுது!”

ஜெரால்டும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து ஒட்டுப் போட்டோம். முடித்தபோது வகுப்பு நேரம் போய்விட்டிருந்தது. லாத்தா வெயிலில் மொட்டைமாடிக்கு ஓடி, செல்போனில் பாடத்தைத் தொடரப் பார்த்திருக்கிறார். படம் நின்று நின்று போயிருக்கிறது. சாயங்காலம் நான் போய் நிற்கும்போது அவர் போனைத் திருப்பிக் காட்டினார். இனி வகுப்பு எடுக்க வேண்டாம் என்று நிறுவனத்திலிருந்து ஒற்றை வரி. இரண்டு ரவுட்டரிலும் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குழிக்குள் கேட்டதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். என்னை நாலு வார்த்தை ஏசிவிடுங்கள் லாத்தா என்றும் சொன்னேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

“ஒரு கம்பெனி இருந்தப்பம் இன்னொண்ணுக்குப் போயிருவேன்னு சொல்லியாவது ஏசினேன். ரெண்டும் ஒண்ணுங்கிறியே, இனி நான் யாருட்டப் போயி என்னன்னு சொல்லி ஏசுறது?”

ஆக, எங்கள் முடுக்கில் இப்போது நெட்டுக்கு இரண்டு கம்பெனி, இரண்டு கம்பி, இரண்டு பில், போன் எடுக்காமல் இருக்க இரண்டு ஆபீஸ். அறுந்து போவதற்கு மட்டும் ஒரே ஒரு இடம்.