பெரிய ஆஸ்பத்திரியின் பலகைகள்

மேச்சேரிப் பக்கம் கிணறு வெட்டப் போன என் வீட்டுக்காரர்மேல் பாறை சரிந்துவிட்டது, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று காலையில் ஆள் வந்து சொன்னான். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஓமலூரில் கரி பஸ் பிடித்து, தனியாகத்தான் போனேன். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்துத்தான் பஸ் ஓட்டினார்கள். நின்று நின்று போனது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அவருக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. சந்தைக்குப் போனால் கடைப் பலகைகளை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நடப்பார்.

ஆஸ்பத்திரிக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகைகள்தான். எல்லாம் இங்கிலீஷ். ஒன்றில் மட்டும் விரல் நீட்டிய கை ஒன்றை வரைந்திருந்தார்கள். அதை நம்பித் தாழ்வாரம் முழுக்க நடந்தேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் கொண்டுபோய் விட்டது.

"அடிபட்டவங்க எங்கீங்க இருப்பாங்க?"

"அந்தப் பக்கம் போம்மா, பலகை போட்டிருக்கும்."

போனேன். பிரசவ வார்டு. அங்கிருந்து மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் ஒருவர் கீழே போகச் சொன்னார். மறுபடியும் அதே ஜன்னல். எத்தனை சுற்றுச் சுற்றினேனோ தெரியாது. கடைசியில் கூட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், துடைப்பத்தைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிப் போனாள்.

கட்டில் காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தானுங்க எடுத்துட்டுப் போனாங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருந்தாருங்க. 'அவ படிச்சவ, ஆரையும் கேக்க வேண்டாம், பலகையப் பாத்து வந்துருவா'ன்னாரு."

நான் அழவில்லை. அந்தக் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தமிழில் எழுதிப்போடச் சொன்னேன். ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

நாலைந்து வருஷம் கழித்து, மகளுக்குக் காய்ச்சல் என்று போனபோது தமிழ்ப் பலகைகள் தொங்கின. ஒரு வயதான அம்மாள் அவற்றில் ஒன்றைக் காட்டி, "என்ன சாமி போட்டிருக்குது?" என்றாள்.

"ரண சிகிச்சைப் பிரிவு."

"அப்படீன்னா?"

"அடிபட்டவங்க இருக்கிற எடங்க."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே, அந்த அம்மாளின் கையைப் பிடித்து அந்த வார்டு வாசல் வரைக்கும் கூட்டிப் போனேன். உள்ளே போக என்னால் முடியவில்லை.