அதீபாவின் கணக்கைப் பூட்டியவர்கள்

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அதீபாவின் குரல் ஏறினால், லோடு இறக்குகிறவர்கள்கூட மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிடுவார்கள். அவள் கணவர் யாக்கூப் சவுதியில், தம்மாமில் டிரைவர். அவள் தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சில கமிஷன் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறாள். மார்க்கெட் மாடியில் சின்ன அறை, இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். மெதுவாக இழுத்துக்கொண்டு கிடந்த அவற்றில், இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை அவளே ஏற்றி ஓடவிட்டிருந்தாள். சென்னைக் கம்பெனி ஒன்றின் கணக்கு மென்பொருளும் அதில் ஒழுங்காகவே ஓடியது.

போன ஆடியில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, மென்பொருள் திறக்கவில்லை. 'இந்த இயங்குதளத்துக்கு இனி எங்கள் சேவை இல்லை' என்று மட்டும் திரையில் வந்தது. கீழே கத்தரிக்காய் லாரி நிற்கிறது. யார் சரக்கு எந்தக் கடைக்குப் போனது என்ற விவரமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது.

மத்தியானம் கம்பெனி ஆள் வேல்ராஜ் வந்தான்.

"மேடம், இனிமே நாங்க சொல்லுத சிஸ்டத்துல மட்டுந்தான் ஓடும். மிஷினும் எங்ககிட்டயே வாங்கிக்கிடலாம்."

"வேண்டாம். என் கணக்கக் குடுங்க. வேற எதுலயாவது போட்டுக்கிடுதேன்."

"அது எங்க ஃபார்மட் மேடம். வெளிய எதுலயும் திறக்காது."

அதீபாவுக்குக் காது மடல் சுட்டது. "எட்டு வருசம் விரல் தேயத் தட்டுன கணக்கு. அத எனக்கே பூட்டி வச்சிட்டு, சாவிக்கு வெல சொல்லுதீயளோ?"

கடைக்காரர் வல்லிநாயகம் குறுக்கே வந்தார். "எதுக்கும்மா வம்பு? வாங்கித் தொலச்சிருவோம்."

அந்தப் பேச்சுதான் அவளை இன்னும் கிளப்பியது. "அண்ணாச்சி, எந்தக் கம்பெனி தராசுல நிறுத்தாலும் கிலோ கிலோதான். அதனாலதான் புடிக்கலன்னா வேற தராசு வாங்குதீய. கணக்குக்கு மட்டும் ஏன் ஒருத்தன் காலயே கட்டிட்டுக் கெடக்கணும்?"

அடுத்த வியாபாரிகள் கூட்டத்தில் வல்லிநாயகமே பேச்சை எடுத்தார். எதில் போட்டாலும் திறக்கிற மாதிரி கணக்கைத் தராவிட்டால் எல்லாரும் விலகிவிடுவோம் என்று கம்பெனிக்குச் சொன்னார்கள். கம்பெனி 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று இழுத்தடித்தது.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? அதீபாவும், பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் முத்துலட்சுமியும், கடைகளில் கிடந்த துண்டுச் சீட்டுகளை அள்ளி வந்து அந்த வருடக் கணக்கைச் சாதாரண விரிதாள் ஒன்றில் முதலிலிருந்து தட்டினார்கள். அதீபாவுக்கு மணிக்கட்டு வீங்கியது. வைதுகொண்டே தட்டினாள்.

"விட்டுத் தள்ளு அதீபா," என்றார் யாக்கூப் போனில்.

"ஒங்க பாஸ்போர்ட்ட மொதலாளி வாங்கி வச்சிக்கிட்டப்ப நீங்க விட்டுத் தள்ளுனீயளா?"

ஆவணி முடிவில் கம்பெனி இறங்கி வந்தது. கடைசி இரண்டு வருடக் கணக்கு மட்டும் கிடைத்தது. முந்தையது 'பழைய பதிப்பு, முடியாது' என்றார்கள். முன்பு கேரளத்து ஓணத்துக்குத் தடியங்காய், அதாவது வெண்பூசணி, என்ன விலைக்குப் போனது என்று விவசாயிகள் கேட்டால், இன்று அவளிடம் பதில் இல்லை. சில கடைக்காரர்கள் பயந்து கம்பெனி மிஷினையே வாங்கினார்கள். வல்லிநாயகமும் மற்றவர்களும் அதீபாவின் பக்கம் நின்றார்கள்.

போன வாரம் வேறொரு கம்பெனிக்காரன் மாடியேறி வந்தான். அவன் பையைத் திறக்குமுன்பே அதீபா கேட்டாள்: "நெனச்ச நேரத்துல எங்க கணக்க வெளிய எடுக்கலாமா? இப்பமே எடுத்துக் காட்டுங்க."

"அந்த வசதி அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்."

"அப்ப அது வந்த பொறவு வாங்க," என்று படிக்கட்டைக் காட்டினாள்.