ஐம்பது ரூபாய் வெந்நீர்

இன்று காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் அட்டை பிடித்து நின்றேன். கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

“அப்பா, அட்டையத் தலைகீழா புடிச்சிருக்க” என்றாள் மகள்.

அட்டையில் எழுதியிருந்தது: ‘விலங்கு வதைக்குக் கடும் தண்டனை வேண்டும்.’

எங்கள் தெரு நாய் செவலை மேல் ஒருவர் வெந்நீர் ஊற்றிவிட்டார். முதுகுத் தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, பிழைக்குமா தெரியவில்லை. அதற்காகத்தான் மகளும் தோழிகளும் கையெழுத்து வாங்குகிறார்கள்.

ஊற்றிய மகானே பைக்கில் வந்து நின்றார். நெற்றி நிறைய விபூதி. எங்கள் தெருக்காரர், கம்பெனியில் என் லைன் சூப்பர்வைசரும்கூட. (ஃபேஸ்புக்கில் அவருக்குக் கணக்கு இல்லை, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

“இன்னாய்யா, நாய்க்குக் கட்சி ஆரம்பிச்சிட்டியா?”

மகள் முந்திக்கொண்டாள். “பழைய சட்டத்துல இதுக்கு மொதல் தடவை அபராதம் அம்பது ரூபாதான் அங்கிள். அதத்தான் மாத்தச் சொல்றோம்.”

ஆடித் தள்ளுபடியைக் கேட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

“அம்பதுதானா? நூறா கட்டிட்டு இன்னொரு வாட்டியும் ஊத்திக்கலாமே!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் என்ன செய்தேன்? “டீ சாப்பிடலாம் சார்” என்று பக்கத்து பேக்கரியைக் காட்டினேன். எனக்கு ஓவர்டைம், அதாவது ஓ.டி., போடுவது அவர் கையில் இருக்கிறது.

“ஐயய்யோ, முட்டை பப்ஸ் விக்கிற கடை. இன்னிக்குக் கிருத்திகை, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்க்கினு கீறேன். விரதத்தன்னிக்கு ஜீவ இம்சை ஆவாதுய்யா.”

மூக்கைப் பொத்திக்கொண்டு கிளம்பினார்.

நான் வாய்க்குள்ளேயே விழுங்கியதை, ஓ.டி. கவலை இல்லாதவர்கள் யாராவது அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்:

நாளைக்கு விரதம் முடிஞ்சதும் மறுபடி அடுப்புல தண்ணி வைப்பீங்களா சார்?